ஈசியூ கோப்பில் எந்த எண்ணைத் தொடுவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். டர்போ டீசல் கார் ஒன்றின் இன்ஜின் கட்டுப்பாட்டகத்திலிருந்து, அதாவது ஈசியூவிலிருந்து, நண்பர் ஒருவர் படித்துக் கொடுத்த 2 மெகாபைட் கோப்பு உங்களிடம் இருக்கிறது. அதைப் பைட்களை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தபோது எண்களின் காடு மட்டுமே தெரிந்திருக்கிறது. எரிபொருள் மேப்பை, அதாவது எரிபொருள் அளவைச் சொல்லும் எண் அட்டவணையைத் தேடிப்பிடித்து எல்லா எண்களையும் 10 சதவீதம் கூட்டினால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா, எந்த எண்களைத் தொடுவது, வண்டி கெட்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்த எண் என்ற கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, ஓர் எண் எதைக் குறிக்கிறது என்றும் அதை அசைத்தால் வேறு எவையெல்லாம் அசையும் என்றும் கண்டறியும் வழி. நான் பல ஆண்டுகளாக டீசல் இன்ஜின்களின் ஈசியூ கோப்புகளைத் திருத்தி வருபவன். பெட்ரோல் இன்ஜின்களில் என் அனுபவம் அந்த அளவுக்கு இல்லாததால் அந்தப் பக்கத்தைச் சுருக்கமாகவே தொடுகிறேன்.

அந்தக் கோப்பில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஈசியூவின் செயலி இயக்கும் நிரல். மற்றொன்று, அந்த நிரல் எடுத்துப் பயன்படுத்தும் அளவீட்டுத் தரவு. நிரலைத் தொடக்கநிலையில் இருப்பவர் தொடவே கூடாது. அங்கே ஒரு பைட் மாறினாலும் செயலி தடம் புரளலாம். நமக்கு வேண்டியது தரவுப் பகுதி மட்டுமே. அதில் தனி மதிப்புகள் உண்டு, ஓர் அச்சை மட்டும் சார்ந்த வளைவுகள் உண்டு, இரண்டு அச்சுகளைச் சார்ந்த மேப்கள் உண்டு. ஜெர்மானிய ஆவணங்களிலிருந்து வந்த பெயர்களில், 'கேஎஃப்' என்று தொடங்குவது மேப் என்றும் 'கேஎல்' என்று தொடங்குவது வளைவு என்றும் அறிந்து வைத்திருந்தால் பின்னால் உதவும். எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினியில் இணைத்த பாஷ் மோட்ரானிக் 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. அந்த வரிசையில் பின்னால் வந்த பல ஈசியூக்களில் இந்தத் தரவு கழற்றி மாட்டக்கூடிய நினைவகச் சிப்பில் இருந்ததால்தான், சிப்பை யாரும் கழற்றாத இக்காலத்திலும் இவ்வேலைக்குச் சிப் டியூனிங் என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

எண்களை வாசிக்கும் முறையில்தான் முதல் குழப்பம் வருகிறது. பெரும்பாலான மதிப்புகள் 16 பிட் அளவிலானவை, அதாவது இரண்டு பைட்கள் சேர்ந்து ஓர் எண். அந்த இரண்டில் பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில் வருமா, இரண்டாவதாக வருமா என்பது செயலியைப் பொறுத்தது. பாஷின் டீசல் ஈசியூக்களான இடிசி16 வரிசையில் இருக்கும் பவர்பிசி செயலி பெரியதை முதலில் வைக்கும். இடிசி17 வரிசையின் டிரைகோர் செயலி சிறியதை முதலில் வைக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்ற மதிப்பு ஹெக்ஸ் முறையில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், 0320. வரிசையை மாற்றி வாசித்தால் அது 2003 ஆகி, நம் வழக்கமான எண்ணில் 8195 என்று தெரியும். அச்சில் ஏறுவரிசையாக வரவேண்டிய எண்கள் தாறுமாறாகத் துள்ளுகின்றன என்றால் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் தவறாக எடுத்திருப்பீர்கள்.

அடுத்து, கிடைத்த எண்ணை நேரடியாக அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெருக்கற்காரணி இருக்கும், சிலவற்றுக்குக் கழிக்க வேண்டிய ஓர் எண்ணும் இருக்கும். இடிசி16 வகைக் கோப்புகளில் எரிபொருள் அளவு பெரும்பாலும் 0.01 என்ற காரணியுடன் இருப்பதால், கோப்பில் 5000 என்று இருப்பது பிஸ்டனின் ஒரு வீச்சுக்கு 50 மில்லிகிராம் என்று பொருள்படும். வெப்பநிலை கெல்வினில் பத்தில் ஒரு பங்காக இருக்கும்போது, 3631 என்ற எண்ணிலிருந்து 2731ஐக் கழித்து 0.1ஆல் பெருக்கினால்தான் 90 டிகிரி செல்சியஸ் கிடைக்கும். இப்படிப்பட்ட மதிப்பை 10 சதவீதம் கூட்டினால் 90 டிகிரி 99 ஆகாது, 126 டிகிரிக்கு மேல் போய்விடும். எரிபொருள் தெளிக்கும் கோணம் போன்றவை எதிர்மறையாகவும் இருக்கக்கூடியவை. குறியுள்ள எண்ணைக் குறியற்றதாக வாசித்தால் மைனஸ் 1 என்பது 65535 என்று காட்சியளிக்கும்.

இந்த முகவரிகளையும் காரணிகளையும் சொல்வதற்கு விளக்கக் கோப்புகள் இருக்கின்றன. உற்பத்தித் துறையில் ஏ2எல், டாமோஸ் என்ற வடிவங்கள் பழக்கத்தில் உள்ளன. ஆர்வலர்களிடையே டியூனர்புரோ மென்பொருளின் எக்ஸ்டிஎஃப் கோப்புகள் புழங்குகின்றன. வின்ஓஎல்எஸ் தொழில்முறையாளர்களின் கருவி. ரோம்ரைடர் சுபாரு கார்களுக்காக உருவான இலவசக் கருவி. எதைப் பயன்படுத்தினாலும், விளக்கக் கோப்பு உங்கள் ஈசியூவின் மென்பொருள் எண்ணுக்கு அப்படியே பொருந்த வேண்டும். ஒரே கார், ஒரே இன்ஜின், அடுத்த பதிப்பு மென்பொருள் என்றால்கூட முகவரிகள் நகர்ந்திருக்கும். அப்போது மேப் திரையில் ஓரளவு ஒழுங்காகவே தெரியும், ஆனால் சில இடங்கள் தள்ளி நிற்கும். நீங்கள் அதைத் திருத்தும்போது அடுத்த மேப்பின் அச்சையும் சேர்த்துத் திருத்திவிடுவீர்கள்.

விளக்கக் கோப்பு கையில் இருந்தாலும், முதல் சில வாரங்கள் அது இல்லாமல் மேப்களைத் தேடிப் பழகுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பல டீசல் ஈசியூக்களில் மேப்புக்கு முன்னால் அதன் அச்சுகளின் நீளம், பின்னர் அச்சு மதிப்புகள், அதன் பின்னர் தரவு என்ற ஒழுங்கு இருக்கும். 800, 1000, 1250, 1500 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள் இன்ஜின் சுற்று அச்சின் அடையாளம். அதையடுத்து வரும் தரவை முப்பரிமாணப் பரப்பாகப் பார்க்கும்போது, உடைவில்லாத மலைச்சரிவு போலத் தெரிந்தால் வரிசை எண்ணிக்கையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரம்பப் பற்கள் போலத் தெரிந்தால் அகலத்தை ஒன்று கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். இப்படிக் கண்டுபிடித்த இருபது மேப்களை விளக்கக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு, தவறான விளக்கக் கோப்பு கையில் வந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது அந்தப் 10 சதவீத ஆலோசனைக்கு வருகிறேன். அது தவறு. ஏனென்றால் எரிபொருள் மேப் என்று தனியாக ஒன்று இல்லை. இருப்பது ஒரு சங்கிலி. பெடலை மிதிக்கும்போது, ஓட்டுநர் கேட்கும் டார்க், அதாவது முறுக்குவிசை, எவ்வளவு என்று ஒரு மேப் சொல்கிறது. அதை டார்க் வரம்பு மேப் வெட்டுகிறது. அந்த டார்க்குக்கு எவ்வளவு எரிபொருள் தேவை என்று இன்னொரு மேப் மாற்றித் தருகிறது. உள்ளே வரும் காற்றுக்கு அந்த எரிபொருள் அதிகமா என்று புகை வரம்பு மேப் பார்த்து மறுபடியும் வெட்டுகிறது. இறுதியில் எஞ்சிய மில்லிகிராம்களுக்கு இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோவிநாடி திறந்திருக்க வேண்டும் என்று வேறொரு மேப் முடிவு செய்கிறது. இந்த வரம்புகளில் எது சிறியதோ அதுவே வெல்லும். ஆகவே சங்கிலியின் நடுவில் ஒன்றை மட்டும் கூட்டினால், பல நேரங்களில் காரில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரிந்தாலும், வேறொரு வரம்பில் முட்டிக்கொண்டு சில சுற்றுகளில் மட்டும் திமிறி மற்ற இடங்களில் தளரும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வீச்சுக்கு 900 மில்லிகிராம் காற்று வருகிறது, புகை வரம்பு 50 மில்லிகிராம் டீசலை அனுமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கும் எரிபொருளுக்கும் விகிதம் 18. டீசல் முழுமையாக எரிய ஏட்டளவில் போதுமான விகிதம் சுமார் 14.5 என்றாலும், உருளைக்குள் டீசலும் காற்றும் முழுமையாகக் கலப்பதில்லை என்பதால் அதற்கு வெகு முன்பே கரும்புகை தொடங்கிவிடும். இப்போது எரிபொருளை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் 55 மில்லிகிராம், விகிதம் 16.4 ஆகச் சரிகிறது. புகை கூடும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும், டர்போவின் சுழலி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதே 18ஐக் காக்க வேண்டுமென்றால் காற்று 990 மில்லிகிராம் ஆக வேண்டும். அதனால்தான் டீசலில் காற்றை முதலில் பார், எரிபொருளைப் பிறகு பார் என்று சொல்லித் தருவார்கள். காற்றுக்கு வழி பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தரும் அளவு. பூஸ்டுக்கும் இலக்கு மேப், வரம்பு மேப், அவற்றுக்கு மேல் மொத்தமாக ஒரு தனி வரம்பு என்று இன்னொரு சங்கிலி இருக்கிறது. அங்குள்ள எண்கள் பொதுவாக முழு அழுத்தம், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்தது. கோப்பில் 2200 மில்லிபார் என்று இருந்தால், கடல்மட்டத்தில் டர்போ கூட்டித் தருவது சுமார் 1.2 பார் மட்டுமே. இதை மறந்து பூஸ்டைக் கூட்டியவர்கள், அழுத்த உணரி அளக்கக்கூடிய எல்லையையே தாண்டி இலக்கு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உணரி தன் எல்லையில் நின்றுவிட்டால், உண்மையான அழுத்தம் எவ்வளவு என்று ஈசியூவுக்குத் தெரிய வழியில்லை.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. அதைப் பற்றி எனக்கு வலுவான கருத்தும் உண்டு. வரம்புகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லும் மேப்பை மட்டும் நீட்டினால் வண்டி உடனே வேகமெடுக்கும். ஒரே மேப்பில் வேலை முடிந்துவிடுவதால் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணத்திலிருந்து ஈசியூ தான் 50 மில்லிகிராம் தருவதாக நம்பிக்கொண்டு 55 தருகிறது. புகை வரம்பு பொய்யாகிறது, திரையில் காட்டும் எரிபொருள் செலவு பொய்யாகிறது, தானியங்கி கியர்பெட்டிக்கு ஈசியூ அறிவிக்கும் டார்க்கும் பொய்யாகிறது. கியர்பெட்டி அந்த அறிவிப்பை நம்பித்தான் தன் கிளட்ச்சுகளுக்கு அழுத்தம் கொடுக்கிறது. குறைவாகச் சொன்னால் குறைவாக அழுத்தும், கிளட்ச் வழுக்கித் தேயும். பெரிய இன்ஜெக்டர்களை மாற்றிப் போட்டவர் இந்த மேப்பைத் திருத்துவது வேறு. அவர் ஈசியூவுக்கு உண்மையைச் சொல்வதற்காகத் திருத்துகிறார். நீங்கள் தொடங்கும்போதே, ஈசியூவின் கணக்கு உண்மையாகவே இருக்கும்படி மட்டுமே மாற்றுவேன் என்று ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல புரியாத கோளாறுகள் வராமலே போகும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கண்காணிப்பு. இடிசி16, இடிசி17 காலத்து ஈசியூக்களில், இன்ஜினை ஓட்டும் கணக்குக்குத் தனியாக, அனுமதிக்கப்பட்ட டார்க்கை விடக் கூடுதலாக இன்ஜின் தருகிறதா என்று பார்க்கும் இரண்டாம் அடுக்கு ஒன்று இருக்கிறது. பெடல் மேப்பை மட்டும் உயர்த்திவிட்டு இந்த அடுக்கைக் கவனிக்காமல் விட்டால், திடீரென எரிபொருள் வெட்டப்பட்டு வண்டி, சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும். அதைக் குறை என்று நினைத்து, கண்காணிப்பையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகளும் வரும். பெடலிலிருந்து கால் எடுத்த பிறகும் இன்ஜின் இழுத்துக்கொண்டு போகும் நிலையைத் தடுக்க வைக்கப்பட்ட பாதுகாப்பு அது. அதை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

எவ்வளவு கூட்டலாம் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் உண்டு. கிலோவாட் கணக்கு உறுதியானது: நியூட்டன் மீட்டரில் டார்க்கைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் போதும். 320 நியூட்டன் மீட்டர் 2000 சுற்றில் 67 கிலோவாட். அதே 320ஐ 3500 சுற்றிலும் தாங்கிப் பிடித்தால் 117 கிலோவாட். ஆகவே சக்தி வேண்டுமென்பதற்காகக் கீழ்ச்சுற்றில் டார்க்கை மலைபோல் ஏற்றத் தேவையில்லை. கனெக்டிங் ராடும் கிளட்ச்சும் அடி வாங்குவது அந்தக் கீழ்ச்சுற்று ஏற்றத்தில்தான். ஆனால் உங்கள் இன்ஜினின் ராடு எதைத் தாங்கும், டர்போ எந்த வேகம் வரை சுழலும் என்பவை கோப்பில் எழுதப்படாத செய்திகள். அவற்றைக் கோப்பைப் பார்த்துச் சொல்பவர் யாரும் ஊகத்தைத்தான் சொல்கிறார். என் பழக்கம், முதல் திருத்தத்தில் டார்க்கை 10 சதவீதத்துக்கு மேல் தொடாமல் இருப்பது. இது விதி அல்ல, என் எச்சரிக்கை உணர்வு. மதிப்புகளை மாற்றும்போது பரப்பு வழுவழுப்பாக இருக்கட்டும். ஈசியூ அண்டைக் கட்டங்களுக்கு இடையில் இடைமதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்பதால், ஒரே ஒரு கட்டத்தைத் துருத்திக்கொண்டு நிற்க வைத்தால் சுற்றியுள்ள இடமெல்லாம் வண்டி உதறும். அச்சின் கடைசி மதிப்புக்கு அப்பால் போனால் ஈசியூ கடைசிக் கட்டத்திலேயே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைத்து, தேவையானால் அச்சையும் நீட்ட வேண்டும்.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாக. அங்கே புகைக்குப் பதிலாக நாக்கிங், அதாவது உருளைக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது, இருக்கிறது, பிழைக்கு மன்னிப்பும் குறைவு. தீப்பொறிக் கோணத்தைத் தவறாக முன்தள்ளினால் பிஸ்டன் உடையலாம். மேப்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதும் அங்கே இன்னும் இறுக்கம். பாஷ் எம்இ7 வகையில் டார்க்கிலிருந்து சுமையை, அதாவது உருளையில் நிரம்பும் காற்றளவைக் கணக்கிடும் கேஎஃப்எம்ஐஆர்எல் மேப்பும், சுமையிலிருந்து டார்க்கைக் கணக்கிடும் கேஎஃப்எம்ஐஓபி மேப்பும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ஒன்றை மாற்றினால் மற்றதையும் அதற்கேற்ப மாற்றியே ஆக வேண்டும்.

கோப்பைத் திருத்தி முடித்ததும் செக்சம். தரவுப் பகுதியின் கூட்டுக்கணக்கை ஈசியூ சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் இன்ஜின் எழும்பாமலே போகலாம். பெரும்பாலான கருவிகள் இதைத் தாமே திருத்திவிடும், ஆனால் திருத்தியதா என்று நீங்கள் பார்த்தாக வேண்டும். புதிய ஈசியூக்களில் செக்சமுக்கு மேல் மறைக்குறியீட்டுக் கையொப்பமும் இருப்பதால், காரின் கண்டறிதல் இணைப்பான ஓபிடி வழியாக எழுதுவது முடியாமல் போகலாம். அதோடு, உங்கள் நண்பரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அந்தக் கோப்பு உண்மையில் உங்கள் காரிலிருந்து படிக்கப்பட்டதா, அல்லது ஈசியூவின் அடையாள எண்ணை மட்டும் படித்து, கருவியின் சேமிப்பிலிருந்து அதே எண்ணுள்ள கோப்பைத் தந்ததா? இரண்டாவது வகையில், முன்பு யாராவது உங்கள் ஈசியூவில் மாற்றம் செய்திருந்தால் அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. நேரடியாகப் படிக்க முடிந்தால் இரண்டு முறை படித்து, பைட் பைட்டாக ஒப்பிட்டு, மூலக் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். எழுதும்போது பேட்டரியோடு மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சார்ஜரை இணைத்து 13 வோல்ட்டுக்குக் குறையாமல் பாருங்கள். பாதியில் மின்சாரம் சரிந்தால், ஈசியூவைக் கழற்றித் திறந்து, செயலியின் அடிப்படைத் தொடக்க நிலையான பூட் மோடில் மீட்க வேண்டிய நிலை வரும்.

என் தொடக்க நாட்களில் பழைய டீசல் ஈசியூ ஒன்றில் டார்க் வரம்பைத் திருத்தி எழுதினேன். செக்சம் சரியாக இருந்தது, கார் ஓடியது, ஆனால் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு நாட்கள் இன்ஜினையே சந்தேகப்பட்டேன். அந்தக் கோப்பில் ஒரே மேப்பின் மூன்று நகல்கள் இருந்தன: கைக்கியருக்கு ஒன்று, தானியங்கிக் கியருக்கு ஒன்று, நான்கு சக்கர இயக்கத்துக்கு ஒன்று. நான் திருத்தியது அந்தக் காரில் பயன்படாத நகல். நான் கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஈசியூ கேட்ட எரிபொருள் அளவு பழைய எண்ணிலேயே நிற்கிறது என்று லாக் காட்டியதால்தான் பிடிபட்டது.

லாக் என்பது, ஓடும்போது ஈசியூ வெளியிடும் மதிப்புகளைப் பதிவு செய்வது. சுற்று எண்ணிக்கை, கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும், காற்றளவு, கேட்ட எரிபொருள், இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் பொதுக்குழாயின் (ரயிலின்) அழுத்தத்தின் இலக்கும் உண்மையும், குளிர்நீர் மற்றும் உள்நுழையும் காற்றின் வெப்பம் ஆகியவை போதும். எதையும் மாற்றுவதற்கு முன் மூலக் கோப்போடு, முடிந்தால் சக்தியை அளக்கும் மேடையான டைனோவில், இல்லாவிட்டால் மூடிய தடத்தில், மூன்றாம் கியரில் 1500லிருந்து 4000 சுற்று வரை முழுப் பெடலில் ஒரு பதிவு எடுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்ய வேண்டாம். கேட்ட பூஸ்ட்டுக்கும் கிடைத்ததற்கும் இப்போதே இடைவெளி இருந்தால், குழாயில் கசிவோ டர்போவின் இயக்கியில் ஒட்டலோ இருக்கக்கூடும். அதைச் சரி செய்யாமல் கோப்பைத் திருத்துவது நோயை வைத்துக்கொண்டு பாரத்தை ஏற்றுவது போன்றது. தேய்ந்த இன்ஜினைச் சீர் செய்ததாலேயே உரிமையாளர் தேடிய வேகம் திரும்பக் கிடைத்து, கோப்பைத் தொடாமலே அனுப்பிவைத்த கார்கள் என் அனுபவத்தில் பல.

டிபிஎஃப் (புகைத் துகள் வடிகட்டி), ஈஜிஆர் (வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) ஆகியவற்றைக் கோப்பில் அணைப்பது பற்றியும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். பல நாடுகளில் அது சட்டவிரோதம். புகைத் துகள்கள் பிறர் நுரையீரலுக்குப் போகின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். மாசுச் சோதனையைக் கண்டறிந்து நடத்தையை மாற்றிய மென்பொருளுக்காக 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகனுக்கு விதிமீறல் அறிவிப்பு அனுப்பியதிலிருந்து, ஈசியூ கோப்பு என்பது சட்டம் நேராகப் பார்க்கும் பொருளாகிவிட்டது. மாசு அமைப்புகளைத் தொடாத திருத்தத்துக்கும்கூட, உத்தரவாதமும் காப்பீடும் என்னவாகும் என்பதை உங்கள் ஊர் விதிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

உங்கள் கோப்பில் எந்த முகவரியில் எந்த மேப் இருக்கிறது என்று கோப்பைப் பார்க்காமல் யாராலும் சொல்ல இயலாது. ஈசியூவின் மேல் ஒட்டியிருக்கும் வன்பொருள் எண், கருவி காட்டும் மென்பொருள் எண், பைட் வரிசை எது என்று நீங்கள் கண்டுபிடித்த விடை, மூலக் கோப்போடு எடுத்த ஒரு முழுப்பெடல் லாக் ஆகிய நான்கையும் இங்கே பதியுங்கள். அந்த லாக்கில் எந்தச் சுற்றில் எந்த வரம்பு எரிபொருளை வெட்டுகிறது என்பதை உங்கள் வாசிப்பில் ஊகித்து அதையும் சேர்த்து எழுதினால், அந்த ஊகத்திலிருந்தே அடுத்த பதிலைத் தொடங்குகிறேன்.